இங்கிலாந்தில் கவுன்சில் டாக்ஸ்: பில்லைச் சரிபார்ப்பதில் தொடங்கி, பணம் போகும் இடத்தைக் கேட்பது வரை

சனிக்கிழமைகளில் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் இருக்கும் இரண்டு மணி நேரம், பெற்றோர் சிலர் கையில் கவரோடு என்னிடம் வந்து உட்காருவார்கள். பெரும்பாலும் அது உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலிலிருந்து, வீட்டுக்குப் போடும் கவுன்சில் டாக்ஸ் வரி பற்றி வந்த கடிதமாகத்தான் இருக்கும். பல வருடமாக அந்தக் கவர்களைப் பிரித்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: பலர் சிக்கிக்கொள்வது பணம் இல்லாததால் மட்டும் அல்ல, எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பது மாறிப்போவதால். வீட்டின் மதிப்பை வைத்துப் போடும் வரி வகுப்பான பேண்ட் தவறு என்று சண்டை போட்டபடி தவணையை நிறுத்திவிடுவார்கள். கிடைக்க வேண்டிய தள்ளுபடியைக் கேட்காமல் முழுத் தொகையையும் கட்டிக்கொண்டிருப்பார்கள். தமிழ் வகுப்பு நடக்கும் ஹாலின் வாடகையைக் கவுன்சில் ஏற்றிய பிறகு கவுன்சிலரைத் தேடிப் போவார்கள்.

அதனால் இங்கே சொல்லும் வரிசையிலேயே செய்யுங்கள். முதல் பாதி உங்கள் பில். இரண்டாம் பாதி அந்தப் பணத்தைக் கவுன்சில் என்ன செய்கிறது, அதில் நம் பேச்சு எங்கே எடுபடும் என்பது. எல்லாமே இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் சில விதிகள் வேறு. வட அயர்லாந்தில் கவுன்சில் டாக்ஸே கிடையாது, அங்கே ரேட்ஸ் என்ற வேறு முறை.

1. உட்காருவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

பில்லின் எல்லாப் பக்கங்களும் வேண்டும். பலர் தொகை உள்ள முதல் பக்கத்தை மட்டும் கொண்டு வருகிறார்கள். தள்ளுபடி எதன் அடிப்படையில் கணக்கிடப்பட்டிருக்கிறது என்பது பெரும்பாலும் மற்ற பக்கங்களில்தான் இருக்கும்.

வாடகை ஒப்பந்தம், வீட்டுக்குள் வந்த சரியான தேதி, இதற்கு முன் இருந்த முகவரி ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வரி நாள் கணக்கில் போடப்படுகிறது. தேதி ஒரு வாரம் தள்ளிப் பதிவானால் ஒரே வாரத்துக்கு இரண்டு வீட்டுக்கும் கட்ட நேரிடும்.

அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் வீட்டில் வசிக்கும் எல்லாரையும் எழுதுங்கள்: பெயர், பிறந்த தேதி, படிப்பா வேலையா, என்ன விசா, யாருக்காவது நீண்டகால நோய் உண்டா. தள்ளுபடி முழுக்க இந்தத் தாளை வைத்துத்தான் முடிவாகும்.

2. பில் உங்கள் பெயரில் வர வேண்டியதுதானா என்று பாருங்கள்

இதுதான் முதல் கேள்வி. கட்ட வேண்டியவர் நீங்களே இல்லையென்றால் மற்ற எதையும் பார்க்க வேண்டியதில்லை.

சட்டத்தில் ஒரு படிவரிசை இருக்கிறது. வீட்டில் குடியிருக்கும் உரிமையாளர் முதலில். அவர் அங்கே இல்லையென்றால் குடியிருக்கும் வாடகைதாரர். அதற்கும் கீழேதான் மற்றவர்கள். ஒரே படியில் இருவர் இருந்தால் இருவரும் சேர்ந்து பொறுப்பு. கணவன் மனைவியும் அப்படித்தான். பில்லில் ஒரு பெயர்தான் இருக்கிறது என்பதால் மற்றவர் தப்ப முடியாது.

நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் அறை வாடகை. ஒரு வீட்டில் நான்கு அறை, நான்கு பேருக்கும் தனித்தனி ஒப்பந்தம், சமையலறையும் குளியலறையும் பொது என்றால் பொதுவாக வரி கட்ட வேண்டியவர் வீட்டுக்காரர். அவர் அதை வாடகையில் சேர்த்து வாங்கலாம். ஆனால் பில் அவர் பெயரில்தான் வர வேண்டும். உங்கள் பெயரைக் கவுன்சிலில் கொடுத்திருந்தால் ஒப்பந்தத்தின் நகலோடு உடனே எழுதுங்கள்.

நண்பர்கள் நான்கு பேர் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு முழு வீட்டையும் எடுத்திருந்தால் கதை வேறு. முழுத் தொகையையும் கவுன்சில் யாரிடமும் கேட்கலாம். இடையில் ஒருவர் கிளம்பிவிட்டால் அவர் பங்கு மீதி மூன்று பேர் தலையில் விழும். அதனால் ஒருவர் வெளியேறும் அன்றே தேதியோடு கவுன்சிலுக்குத் தெரிவியுங்கள், ஒப்பந்தத்தையும் மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

3. பேண்டைச் சரிபாருங்கள், ஆனால் அவசரப்பட்டு எதிர்க்காதீர்கள்

ஒவ்வொரு வீட்டுக்கும் ஏ முதல் எச் வரை ஒரு பேண்ட் உண்டு. அது இன்றைய விலையை வைத்துப் போட்டதல்ல. 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதுதான் அளவுகோல். 40,000 பவுண்டு வரை ஏ, 68,001 முதல் 88,000 வரை டி, 3,20,000க்கு மேல் எச். போன வருடம் 5 லட்சம் கொடுத்து வாங்கிய வீடு டி பேண்டில் இருப்பது இதனால்தான்.

கவுன்சில் அறிவிப்பது டி பேண்டின் தொகை. மற்றவை அதிலிருந்து ஒன்பதில் இத்தனை பங்கு என்று கணக்கிடப்படும். ஏ 6 பங்கு, பி 7, சி 8, டி 9, இ 11, எஃப் 13, ஜி 15, எச் 18. 2025-26இல் இங்கிலாந்தின் சராசரி டி தொகை 2,280 பவுண்டு. அப்படியானால் சி பேண்டுக்குச் சுமார் 2,027, ஏ பேண்டுக்கு 1,520. உங்கள் பில்லை இப்படி ஒரு முறை நீங்களே வகுத்துப் பாருங்கள்.

உங்கள் தெருவில் அதே அளவு, அதே வகை வீடுகள் எந்தப் பேண்டில் இருக்கின்றன என்பதை அரசு இணையதளத்தில் முகவரி போட்டு இலவசமாகப் பார்க்கலாம். ஐந்து வீடு பாருங்கள். எல்லாம் சி, உங்களுடையது மட்டும் டி என்றால் கேட்க இடம் இருக்கிறது.

பேண்டை நிர்ணயிப்பது கவுன்சில் அல்ல, வாலுவேஷன் ஆபீஸ் என்ற அரசு அலுவலகம். கவுன்சிலுக்குப் போன் போட்டுப் பேண்டைப் பற்றி வாதிடுவது வீண். வீட்டுக்கு வரி கட்டத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் முறையான எதிர்ப்பு கொடுக்கும் உரிமை உண்டு. அதற்குப் பிறகு, சில சூழ்நிலைகள் தவிர, ஆதாரத்தோடு மறுபரிசீலனைதான் கேட்கலாம். இந்தத் தேதியைத் தவறவிடுபவர்கள் அதிகம். வீட்டுக்குள் வந்த முதல் மாதமே பார்த்துவிடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

எதிர்ப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். மறுபரிசீலனையில் பேண்ட் இறங்கலாம், அப்படியே இருக்கலாம், ஏறவும் செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரரின் பேண்டும் சேர்ந்து ஏறலாம். ஒரே ஒரு வீட்டை மட்டும் ஒப்பிட்டுவிட்டு எழுதாதீர்கள்.

"உங்கள் பேண்ட் தவறு, ஆயிரக்கணக்கில் திரும்ப வாங்கித் தருகிறோம்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். இந்த வேலைக்குக் கட்டணமே கிடையாது.

4. வீட்டில் உள்ள பெரியவர்களை எண்ணுங்கள்

பணம் அதிகம் மிச்சமாகும் படி இது. இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முழு பில் என்பது இரண்டு பெரியவர்கள் இருப்பதாக வைத்துக் கணக்கிடப்படுகிறது. கணக்கில் வரும் பெரியவர் ஒருவர் மட்டும் என்றால் 25 சதவீதம் குறையும். வீட்டில் உள்ள எல்லாருமே கணக்கில் வராதவர்கள் என்றால் 50 சதவீதம் குறையும். எல்லாரும் முழுநேர மாணவர்கள் என்றால் பில்லே கிடையாது.

கணக்கில் வராதவர்கள் யார் யார்? 18 வயதுக்கு உட்பட்டவர்கள், முழுநேர மாணவர்கள், சில பயிற்சிப் பணியாளர்கள், டிமென்ஷியா போன்ற கடுமையான மனத்திறன் பாதிப்பு உள்ளவர்கள், வீட்டோடு இருந்து ஒருவரைப் பராமரிப்பவர்கள். இன்னும் சில வகைகள் உண்டு.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். டிமென்ஷியா உள்ள ஓர் அம்மாவும் அவரைப் பார்த்துக்கொள்ளும் மகளும், இரண்டே பேர். மகள் வேலையை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. "ரெண்டு பேர் இருக்கோமே, தள்ளுபடி எப்படிக் கிடைக்கும்?" என்று முழு பில்லையும் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா கணக்கில் வரமாட்டார்: டாக்டர் சான்று தருகிறார், பராமரிப்பு தேவைப்படும் முதியோருக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற உதவித்தொகையும் வாங்குகிறார். மகளும் வரமாட்டார்: வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் பராமரிக்கிறார், நோயாளியின் கணவனோ மனைவியோ அல்ல. ஆக 50 சதவீதம். படிவத்தை நிரப்பிய அன்று, அந்தத் தொகையை எழுதியிருந்த வரியை அவர் விரலால் தடவிப் பார்த்தார். சான்றைப் பின்தேதியிட்டுக் கொடுத்ததால் முன்பு கட்டியதிலும் ஒரு பகுதி திரும்பி வந்தது. கணவர் மனைவியைப் பராமரித்தால் அவருக்குப் பராமரிப்பாளர் சலுகை பொருந்தாது. ஆனாலும் மனைவி கணக்கில் வராததால் 25 சதவீதம் குறையும்.

மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் கவுன்சில் டாக்ஸுக்கென்றே ஒரு சான்றிதழ் தரும். அதைக் கேட்டு வாங்கி நீங்கள்தான் அனுப்ப வேண்டும். பல்கலைக்கழகமே அனுப்பிவிடும் என்று நம்பி ரீமைண்டர் வரும்வரை இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். படிப்பு ஒரு வருடமாவது இருக்க வேண்டும், வாரத்துக்கு 21 மணி நேரப் படிப்பு என்பது அளவு.

மாணவரின் கணவன் அல்லது மனைவி பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாதவர், விசா நிபந்தனைப்படி வேலை பார்க்கவோ அல்லது உதவித்தொகை கோரவோ முடியாதவர் என்றால் அவரும் கணக்கில் வரமாட்டார். "வேலை பார்க்கவோ அல்லது" என்பதைக் கவனியுங்கள். வேலைக்கு அனுமதி இருந்தும் உதவித்தொகை கோர அனுமதி இல்லையென்றால் போதும். போனில் பேசும் ஊழியருக்குச் சில நேரம் இது தெரிவதில்லை. எழுத்தில் கேளுங்கள், விசா நிபந்தனை உள்ள பக்கத்தை இணையுங்கள்.

படிப்பு முடியும் தேதி வந்ததும் மாணவர் சலுகை நின்றுவிடும். விசா இன்னும் இருக்கிறது என்பது கணக்கில்லை. செப்டம்பரில் படிப்பு முடித்து வேலை தேடும் மாதங்களில் வரும் முதல் பில்தான் பலரை உலுக்குகிறது. அந்த மாதங்களுக்கான பணத்தை முன்பே எடுத்து வையுங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா விசிட் விசாவில் வந்து சில மாதம் தங்குகிறார்கள் என்றால் தனியாள் தள்ளுபடி போய்விடுமா? கணக்கு நிரந்தர வசிப்பிடத்தை வைத்துத்தான். அவர்கள் வீடு யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இருக்கிறது, திரும்பிப் போகிறார்கள். ஆனாலும் கவுன்சிலுக்கு ஒரு மெயில் அனுப்பிப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு 18 முடிந்தால், வேறு ஒருவர் குடிவந்தால் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் தள்ளுபடியைத் தொடர்ந்தால் பழைய தொகையோடு 70 பவுண்டு அபராதமும் விதிக்கலாம். சைல்ட் பெனிஃபிட் இன்னும் வருகிறது என்றாலோ பிள்ளை முழுநேரம் படிக்கிறார் என்றாலோ தள்ளுபடி தொடரும், அதற்கும் சான்று கொடுக்க வேண்டும்.

உடல் ஊனம் காரணமாக வீட்டில் கூடுதல் குளியலறையோ, அதற்கென்றே ஓர் அறையோ, சக்கர நாற்காலி திரும்ப இடமோ தேவைப்பட்டால் பில் ஒரு பேண்ட் கீழே கணக்கிடப்படும். இதற்கு வருமானம் பார்க்க மாட்டார்கள்.

5. வருமானம் குறைவு என்றால், விண்ணப்பிக்கும் முன் விசாவைப் பாருங்கள்

முந்தைய படியில் சொன்ன தள்ளுபடிகளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இந்த ஒரு படியில் தவறினால் விசாவே சிக்கலாகலாம்.

குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குக் கவுன்சில் டாக்ஸ் ரிடக்ஷன் என்று ஓர் உதவி உண்டு. சில கவுன்சில்கள் இதைக் கவுன்சில் டாக்ஸ் சப்போர்ட் என்கின்றன. இது குடியேற்ற விதிகளின்படி பொது நிதி (public funds), அதாவது விசாவில் தடை போடப்படும் அரசு உதவிகளில் ஒன்று. உங்கள் விசாவில் பொது நிதிக்கு அனுமதி இல்லை என்று போட்டிருந்தால் இதற்கு விண்ணப்பிக்காதீர்கள். கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் அந்த நிபந்தனை என்றால் முதலில் தகுதியுள்ள குடியேற்ற ஆலோசகரிடம் கேளுங்கள்.

தனியாள் 25 சதவீதம், மாணவர் விலக்கு, ஊனத்துக்கான பேண்ட் குறைப்பு ஆகியவை பொது நிதி அல்ல. எந்த விசாவில் இருந்தாலும் கேட்கலாம். பயத்தில் இவற்றையும் கேட்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள், அது வீண் இழப்பு.

தகுதி உள்ளவர்கள் செய்யும் தவறு வேறு. குறைந்த வருமானத்துக்கான அரசு உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்துவிட்டோம், இதுவும் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். வராது. கவுன்சிலில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் உடனே. வேலை செய்யும் வயதினருக்கான திட்டத்தை ஒவ்வொரு கவுன்சிலும் தானே வகுக்கிறது. பக்கத்துப் பகுதியில் இருக்கும் நண்பருக்குக் கிடைத்தது உங்களுக்கும் அதே அளவில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

6. தவணையை நிறுத்தாதீர்கள்

பேண்டை எதிர்த்திருக்கிறீர்கள், தள்ளுபடிக்கு எழுதியிருக்கிறீர்கள், பதில் வரவில்லை. பரவாயில்லை, பில்லில் உள்ள தொகையைக் கட்டிக்கொண்டே இருங்கள். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் கூடுதல் பணம் திரும்ப வரும். கட்டாமல் விட்டால் கீழே சொல்லும் சங்கிலி தொடங்கிவிடும், எதிர்ப்பு நிலுவையில் இருப்பது அதை நிறுத்தாது.

வழக்கமாக ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துத் தவணை. பன்னிரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டு. 2,027 பவுண்டு பில்லில் மாதம் 203 என்பது 169 ஆகும். ஏப்ரலுக்கு முன்பே கேட்டால்தான் முழுப் பன்னிரண்டு கிடைக்கும்.

ஒரு தவணை தவறினால் ரீமைண்டர் வரும், ஏழு நாளில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தவணை முறையே ரத்தாகி வருடத்தின் மீதித் தொகை முழுவதையும் கேட்பார்கள். ஒரே நிதியாண்டில் மூன்றாம் முறை தாமதித்தால் ரீமைண்டர் இல்லை, நேரே இறுதி நோட்டீஸ். அப்புறம் மாஜிஸ்திரேட் கோர்ட் சம்மன், அதற்கான செலவும் உங்கள் தலையில். கோர்ட் உத்தரவு கிடைத்துவிட்டால் சம்பளத்தில் பிடிக்கலாம், கடன் வசூலிக்கும் பெயிலிஃபை வீட்டுக்கு அனுப்பலாம்.

முதல் ரீமைண்டர் வந்த அன்றே பேசுங்கள். சம்மன் வந்த பிறகு பேசினால் கோர்ட் செலவைத் தள்ளுபடி செய்ய வைப்பது கடினம். கடன் பல இடத்தில் இருந்தால் இலவசக் கடன் ஆலோசகர் மூலம் பிரீத்திங் ஸ்பேஸ் கேளுங்கள். 60 நாள் வசூல் நடவடிக்கை நிற்கும், கவுன்சில் டாக்ஸ் பாக்கியும் அதில் அடங்கும்.

வீடு மாறும்போது டைரக்ட் டெபிட்டை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். இறுதி பில் வரட்டும். கூடுதலாகக் கட்டியது இருந்தால் அதில் தெரியும்.

தள்ளுபடி மறுக்கப்பட்டால் முதலில் கவுன்சிலுக்கு எழுத்தில் எதிர்ப்பு. இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, வாலுவேஷன் டிரைபியூனல் என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை.

7. பில்லில் உள்ள வரிகளைப் பிரித்துப் படியுங்கள்

இனி பணம் எங்கே போகிறது என்பது. பில்லில் ஒரே தொகை அல்ல, யாருக்கு எவ்வளவு என்று பல தொகைகள் தனித்தனியாக இருக்கும். லண்டனில் ஒன்று உங்கள் பரோ கவுன்சிலுக்கு, இன்னொன்று லண்டன் மேயரின் நிர்வாகத்துக்கு. போலீஸ், தீயணைப்பு, போக்குவரத்து இரண்டாவதில் வரும். 2025-26இல் அந்தப் பங்கு டி பேண்டுக்கு 490.38 பவுண்டு.

லண்டனுக்கு வெளியே பல இடங்களில் இரண்டு கவுன்சில்கள்: சிறிய பகுதிக்கு டிஸ்டிரிக்ட், பெரிய பகுதிக்குக் கவுண்டி. பில் அனுப்புவது டிஸ்டிரிக்ட், ஆனால் பெரும் பங்கு கவுண்டிக்குப் போகிறது. குப்பை டிஸ்டிரிக்ட்டின் வேலை. ரோட்டுக் குழி, நூலகம், முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுண்டியின் வேலை. தவறான கதவைத் தட்டி மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இந்த இரண்டடுக்கு முறையை ஒன்றாக்கும் மாற்றம் இப்போது நடந்துவருகிறது, அதனால் உங்கள் பகுதியில் யார் எதைச் செய்கிறார்கள் என்பதை ஒவ்வொரு மார்ச்சிலும் பில்லில் பாருங்கள்.

அடல்ட் சோஷியல் கேர் என்ற பெயரில் ஓர் உயர்வு விகிதம் தனியாகக் காட்டப்பட்டிருக்கும். முதியோர், ஊனமுற்றோர் பராமரிப்புக்கென்று 2016 முதல் சேர்க்கப்படுவது அது. அண்மை ஆண்டுகளில் பெரிய கவுன்சில்கள் இதையும் சேர்த்து 5 சதவீதமோ அதற்கு மேலோ உயர்த்த நினைத்தால் மக்கள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும், அல்லது அரசின் தனி அனுமதி வேண்டும்.

8. பட்ஜெட்டில் மூன்று பைகளைக் குழப்பாதீர்கள்

"ஐம்பது லட்சம் போட்டுப் பூங்கா கட்டுகிறார்கள், நூலகத்துக்குக் காசில்லை என்கிறார்கள்" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கோபப்படுவார்கள். கோபம் நியாயமாக இருக்கலாம், வாதம் நிற்காது. காரணம், பைகள் வேறு.

முதல் பை நடைமுறைச் செலவு: சம்பளம், பராமரிப்பு, குப்பை வண்டி. கவுன்சில் டாக்ஸ் இங்கேதான் வருகிறது, கூடவே அரசு மானியம், வணிக வரி, கட்டணங்கள். இரண்டாவது பை மூலதனம்: கட்டடம், ரோடு, பூங்கா. கடன், சொத்து விற்ற பணம், மானியம் இங்கே வரும். மூலதனத்துக்கென்று வாங்கிய கடனில் பொதுவாக நூலகருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. மூன்றாவது பை கவுன்சில் வீடுகளுக்கான தனிக் கணக்கு. அதன் வாடகைப் பணம் அதற்குள்ளேயே சுற்றும். பள்ளிகளுக்கான பணமும் அரசிடமிருந்து தனியாக ஒதுக்கப்பட்டு வருகிறது.

இதற்கு அடுத்தபடியாக, சட்டப்படி செய்தே ஆக வேண்டியது எது, விருப்பப்படி செய்வது எது என்று பிரியுங்கள். முதியோர் பராமரிப்பும் குழந்தைகள் பாதுகாப்பும் கட்டாயம். செலவில் பெரும் பகுதி அவற்றுக்கே போகிறது. நீச்சல் குளம், சமூக மண்டபம், விழாக்கள் விருப்பம். நூலகச் சேவை 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம், ஆனால் எத்தனை கிளை என்று சட்டம் சொல்லவில்லை. பணம் இறுகும்போது வெட்டு எங்கே விழும் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும்.

கடன் பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். வருமானம் வரும் என்று கவுன்சில் செய்யும் முதலீடு கவிழ்ந்தால் அடி சேவைகளில்தான் விழும். சூரிய மின்சக்தி நிறுவனங்களில் பணத்தைப் போட்ட தரக் கவுன்சில் 2022இலும், பெரிய கட்டடத் திட்டங்களுக்குக் கடன் வாங்கிய வோக்கிங் கவுன்சில் 2023இலும், செலவுக்கு ஈடான வருமானம் இல்லை என்று உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவின் கீழ் அறிவித்தன. நம்மவர்கள் நிறைய வாழும் குரோய்டன் 2020இலும் 2022இலும் அதே அறிவிப்பை வெளியிட்டு, 2023-24இல் வரியைச் சுமார் 15 சதவீதம் உயர்த்தியது. 2023இல் அறிவித்த பர்மிங்காம் அடுத்த ஆண்டு சுமார் 10 சதவீதம் உயர்த்தியது. உங்கள் கவுன்சிலின் பட்ஜெட் அறிக்கையில் கையிருப்பு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு போகிறது என்ற இரண்டு எண்களை மூன்று வருடத்துக்கு எழுதி ஒப்பிடுங்கள். கையிருப்பு இறங்கி வட்டி ஏறினால் கேள்வி கேட்க வேண்டிய நேரம் அது.

9. சரியான மாதத்தில் கேளுங்கள்

எங்கள் தமிழ் வகுப்பு நடக்கும் மண்டபத்தின் வாடகையை ஒரு வருடம் கவுன்சில் உயர்த்தியது. மார்ச்சில் கடிதம் கிடைத்ததும் இருபது பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். மரியாதையான பதில் வந்தது: பட்ஜெட் பிப்ரவரியிலேயே நிறைவேறிவிட்டது. தவறு எங்கள் பக்கம். அடுத்த முறை டிசம்பரிலேயே கருத்துக் கேட்புப் படிவத்தை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக நிரப்பினோம். சமூகக் குழுக்களுக்குக் குறைந்த கட்டணம் அந்தத் தடவை தக்கவைக்கப்பட்டது. எங்களால்தான் நடந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் அறிக்கையில் எங்கள் வாதம் ஒரு பத்தியாக வந்திருந்தது.

கவுன்சில் மார்ச் 11க்குள் வரியைத் தீர்மானிக்க வேண்டும். அதனால் கருத்துக் கேட்பு வழக்கமாக இலையுதிர் காலத்திலிருந்து ஜனவரி வரை நடக்கும். கட்டண உயர்வுகளின் பட்டியல் பட்ஜெட் அறிக்கையின் பின்னிணைப்பில் ஒளிந்திருக்கும். முதலில் அதைத் திறங்கள்.

செலவு முடிந்த பிறகு பார்க்கவும் வழி உண்டு. 500 பவுண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவையும் கவுன்சில் இணையத்தில் வெளியிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, கோடையை ஒட்டி, 30 வேலை நாள்கள் கணக்குப் புத்தகங்கள், பில்கள், ஒப்பந்தங்களைப் பொதுமக்கள் பார்க்கலாம். தகவல் உரிமைச் சட்டப்படி எப்போது கேட்டாலும் 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். "எவ்வளவு வீணாக்குகிறீர்கள்" என்று கேட்காதீர்கள். "இந்த மண்டபத்தின் கடந்த மூன்று வருட வரவும் செலவும்" என்று கேளுங்கள். எண்ணைக் கேட்டால் எண் வரும்.

10. உங்கள் பகுதிக்கு ஒன்றைக் கேட்கும்போது

பொதுவாக "தமிழருக்கு உதவி வேண்டும்" என்று கேட்டால் எந்தப் பையிலும் அது பொருந்தாது. எந்தப் பணம் என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

புதிய கட்டடங்கள் கட்டுபவர்களிடம் பல கவுன்சில்கள் கம்யூனிட்டி இன்ஃப்ராஸ்ட்ரக்சர் லெவி என்ற கட்டணத்தை வசூலிக்கின்றன. அதில் 15 சதவீதம் அந்தந்தப் பகுதியின் தேவைக்கு, அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டுச் செலவிடப்பட வேண்டும். பகுதிக்கென்று வாக்கெடுப்பில் நிறைவேறிய திட்டம் இருந்தால் 25 சதவீதம். மண்டபத்துக்குச் சாய்தளம், பூங்காவில் விளையாட்டுச் சாதனம் போன்றவற்றுக்கு இது ஏற்ற பணம். சில கவுன்சில்களில் கவுன்சிலர்களுக்கென்றே சிறு நிதியும் உண்டு.

மண்டபமோ கடையோ விற்கப்படப் போகிறது என்று வதந்தி வந்தால் காத்திருக்காதீர்கள். அந்தப் பகுதி வாக்காளர் 21 பேர் சேர்ந்த குழு அதைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பரிந்துரைக்கலாம். பட்டியலில் ஏறிவிட்டால் விற்பதை ஆறு மாதம் வரை தள்ளிவைத்துப் பணம் திரட்ட அவகாசம் கேட்கலாம். விற்பனைப் பலகை மாட்டிய பிறகு தொடங்கினால் நேரம் போதாது.

மேலே 21 வாக்காளர் என்றேன். இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள், "எனக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லையே" என்று. தேவையில்லை. இந்திய, இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் காமன்வெல்த் குடிமக்கள். முறையான விசாவில் இங்கே வசிக்கும் 18 வயதைக் கடந்தவர்கள் உள்ளாட்சித் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். மாணவராக இருந்தாலும் சரி, வேலை விசாவில் இருந்தாலும் சரி. கணக்குகளைப் பற்றி ஆடிட்டரிடம் ஆட்சேபம் எழுப்பும் உரிமையும் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களுக்கே. இணையத்தில் பதிவு செய்ய ஐந்து நிமிடம் ஆகும். நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் கையில் இருந்தால் இன்னும் சுலபம்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே வரும் முன், கவரோடு வந்தவர்களிடம் நான் கடைசியாகச் செய்யச் சொல்வது அந்தப் பதிவைத்தான், என் முன்னாலேயே, அவர்கள் போனிலேயே.